விமானமா, காரா? நோயாளியுடன் செல்லும் குடும்பச் சுற்றுலாவைத் திட்டமிடுவது எப்படி

கோடை விடுமுறை நெருங்கும்போது புறநோயாளர் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. “டாக்டர், பேரப்பிள்ளைகள் ஐதராபாத்துக்குப் போகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். விமானத்தில் அழைத்துப் போனால் எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று மகன் பயப்படுகிறான். காரிலேயே போய்விடலாமா?” கேட்பவர் ஆறு மாதங்களுக்கு முன் ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவராக இருக்கலாம், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருக்கலாம், கீமோதெரபியின் இடைவெளியில் இருக்கும் தாயாகவும் இருக்கலாம்.

இக்கேள்விக்குப் பின்னால் ஓர் எண்ணம் மறைந்திருக்கிறது. விமானம் உடலுக்குக் கடினமானது, கார் எளிதானது என்பதே அது. இந்த எண்ணம் பாதி உண்மை. சிலருக்குக் கார்ப் பயணம் உறுதியாக நல்லது. ஆனால், காரில் சென்றாலே பாதுகாப்பு என்று நினைத்து, இரவு முழுவதும் நிற்காமல் ஓட்டிச் செல்லும் குடும்பம், தான் தவிர்க்க நினைத்த ஆபத்தைவிடப் பெரிய ஆபத்தைத் தேடிக்கொள்கிறது. நோயாளிக்குக் கார் தரும் மிகப் பெரிய நன்மை, வேண்டும்போது வேண்டிய இடத்தில் நிறுத்த முடியும் என்பதே. நிறுத்தாமல் ஓட்டினால் அந்த நன்மை இல்லாமற்போகிறது.

இரு பயணங்களின் உண்மையான நீளம்

சென்னையிலிருந்து ஐதராபாத்தை அடுத்துள்ள ராமோஜி பிலிம் சிட்டிக்குச் செல்லும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விமானம் வானில் இருப்பது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்தான். எனினும் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குச் செல்வது, இரண்டு மணி நேரம் முன்னதாகவே அங்கிருப்பது, பாதுகாப்புச் சோதனை வரிசை, பெட்டிகளுக்காகக் காத்திருப்பது, சம்சாபாத் விமான நிலையத்திலிருந்து மீண்டும் சாலைவழிப் பயணம் என அனைத்தையும் கூட்டினால் ஆறு மணி நேரமாகிவிடும். அந்த நேரத்தில் கணிசமான பகுதி நிற்பதிலும் நடப்பதிலும் கழிகிறது. மூட்டுவலி உள்ளவர்களும் மூச்சுத்திணறல் உள்ளவர்களும் விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலியை முன்கூட்டியே கேட்டுப் பெறலாம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

சாலைவழியில் தூரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். நெல்லூர், ஒங்கோல், அத்தங்கி, மிரியாலகூடா, நல்கொண்டா, நார்கட்பல்லி வழியாக விஜயவாடா–ஐதராபாத் நெடுஞ்சாலையை அடைந்தால், பிலிம் சிட்டி ஐதராபாத் நகருக்குள் நுழையும் முன்பே வந்துவிடுகிறது. இடையிடையே நிறுத்தங்களுடன் சென்றால் 11 அல்லது 12 மணி நேரம் பிடிக்கும். எனவே, நோயாளி உட்காரும் நேரம் காரில்தான் மிக அதிகம். இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

விமானத்துக்குள் உடலில் நிகழ்வது

பறக்கும் விமானத்தின் உட்புறக் காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதுபோல் இராது. 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் நிற்பதற்கு அது சமம். நம் உதகமண்டலம் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது என்பதை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். உதகையில் சிரமமின்றி நடமாடக்கூடிய ஒருவருக்கு விமானத்தின் காற்றழுத்தம் பொதுவாகத் தொல்லை தராது. வீட்டில் சில அடிகள் நடந்தாலே மூச்சு வாங்குபவர், வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர், கடுமையான நுரையீரல் நோயோ கட்டுப்படாத இதயச் செயலிழப்போ உள்ளவர் ஆகியோர் மருத்துவரின் மதிப்பீடு இல்லாமல் பறக்கக் கூடாது.

அழுத்தம் குறையும்போது உடலில் அடைபட்டுள்ள வாயு விரிவடைகிறது. ஆகவே, விழித்திரை அறுவைச் சிகிச்சையின்போது கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டிருந்தால், அது முழுவதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் கூறும்வரை விமானத்தில் ஏறவே கூடாது. கண்ணின் அழுத்தம் திடீரென உயர்ந்து பார்வையே பறிபோகலாம். அதே காரணத்தால் அந்நாட்களில் மலைப்பாதையில் கார்ப் பயணமும் கூடாது. நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருந்தவர்களுக்கும், அண்மையில் வயிறு, மார்பு, காது ஆகியவற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். எலும்பு முறிவுக்கு ஓரிரு நாட்களுக்குள் மாவுக்கட்டுப் போட்டிருந்தால், பறக்கும்போது வீக்கம் கூடிக் கட்டு இறுகக்கூடும்.

ஸ்டென்ட் வைத்திருப்பதாலோ பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பதாலோ மட்டும் விமானப் பயணம் தடைசெய்யப்படுவதில்லை. பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அதற்கான அட்டையைப் பாதுகாப்புச் சோதனையில் காட்டினால் போதும். இதயநோய் நிலைப்பட்டு, மாடிப்படி ஏறினால் நெஞ்சுவலி வராத நிலையில் உள்ள பலருக்கு, நிற்காமல் ஓடும் 12 மணி நேரக் காரைவிட ஒன்றேகால் மணி நேர விமானமே இலகுவானது.

காருக்குள் உடலில் நிகழ்வது

நெடுநேரம் கால்களைத் தொங்கவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தால், கெண்டைக்காலின் ஆழ்சிரைகளில் இரத்த ஓட்டம் மந்தமாகிறது. அங்கு இரத்தம் உறைந்து கட்டியாகலாம். அக்கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. இதை விமானப் பயணிகளின் நோய் என்று பலர் கருதுகின்றனர். 2007ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் அமர்ந்து பயணம் செய்தால் இவ்வாபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று தெரிவித்தது. விமானம், கார், பேருந்து, ரயில் ஆகிய அனைத்துக்கும் இது பொருந்தும்.

இதைக் கண்டு நல்ல உடல்நலம் உள்ளவர்கள் அஞ்ச வேண்டியதில்லை. அவர்களுக்கு இந்த வாய்ப்பு ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே உள்ளது. ஆனால் இடுப்பு, முழங்கால் அல்லது வேறு பெரிய அறுவைச் சிகிச்சை அண்மையில் செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், முன்பு ஒருமுறை இரத்த உறைவு ஏற்பட்டவர்கள், கருவுற்றவர்கள், அண்மையில் பிள்ளை பெற்றவர்கள், ஈஸ்ட்ரோஜன் அடங்கிய கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து இதைவிடக் கூடுதல். இவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டும். இறுக்கமான காலுறையையோ இரத்தத்தை இளக்கும் மாத்திரையையோ தாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது. காலில் தமனி அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு இறுக்கமான காலுறை தீங்காகவும் முடியலாம்.

தடுக்கும் வழி எளியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காரை நிறுத்தி, பத்து நிமிடம் நடக்க வேண்டும். அமர்ந்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் பாதங்களை மேலும் கீழுமாக இருபது முறை அசைக்க வேண்டும். தண்ணீர் குடிக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்களில் பலர், வழியில் தூய்மையான கழிப்பறை கிடைக்காதே என்று அஞ்சிக் காலை முதல் நீர் அருந்தாமலேயே பயணம் செய்கின்றனர். பெரியவர்களும் “உங்களுக்கு எதற்குத் தொந்தரவு” என்று சிறுநீரை அடக்கிக்கொண்டு பேசாமல் இருக்கின்றனர். இதனால் உடல் வறண்டு, சிறுநீர்த் தொற்றும் மயக்கமும் வருகின்றன. யாரும் வாய்திறந்து கேட்பதற்காகக் காத்திராமல், நேரத்தை வைத்து நிறுத்துவதே சரி. சிறுநீரகம் அல்லது இதயச் செயலிழப்புக்காக நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் அந்த அளவிலேயே இருக்கட்டும்.

ஓட்டுநரும் ஒரு நோயாளியாகலாம்

நோயாளியைப் பற்றிக் கவலைப்படும் குடும்பம் ஓட்டுநரை மறந்துவிடுகிறது. அலுவலகம் முடிந்து வந்த மகன், வெயிலைத் தவிர்க்கலாம் என்று இரவு பத்து மணிக்குக் காரை எடுக்கிறார். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் அவர். இரவு பதினோரு மணியாகும்போது அவர் 17 மணி நேரம் விழித்திருந்திருப்பார். அந்நிலையில் ஒருவரின் கவனமும் செயல் வேகமும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம் மட்டுமே. ஒரு துளி மதுவும் அருந்தாத மகன், குடித்தவரின் நிலையில் தன் குடும்பத்தை ஏற்றிச் செல்கிறார். பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை தூக்கம் மிகவும் அழுத்தும் நேரம் என்பதையும் இதனுடன் சேர்த்துப் பாருங்கள்.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்று அரசின் புள்ளிவிவரம் கூறுகிறது. பயணம் செய்யும் தூரத்தைக் கொண்டு கணக்கிட்டால் விமானமே சாலையைவிடப் பன்மடங்கு பாதுகாப்பானது. காரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதை அறிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆகவே, முந்தைய இரவு நன்றாகத் தூங்கிவிட்டு விடியற்காலையில் புறப்படுங்கள். ஓட்டத் தெரிந்தவர் ஒருவர் மட்டுமே என்றால், 600 கிலோமீட்டரை ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள். சளி மாத்திரை, அரிப்பு மாத்திரை, பயண வாந்திக்கான மாத்திரை ஆகியவற்றில் பல தூக்கத்தைத் தருபவை. ஓட்டுபவர் அவற்றை உட்கொள்ளக் கூடாது. பின்னிருக்கையில் இருப்பவர்களும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பட்டையோ குழந்தை இருக்கையோ கட்டாயம் என்று சட்டமே கூறுகிறது. வயிற்றில் தையல் உள்ளவர், பட்டைக்கும் வயிற்றுக்கும் இடையே சிறிய தலையணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். பட்டையைக் கழற்றிவிடக் கூடாது.

ஓட்டுநரே இன்சுலின் போட்டுக்கொள்பவராக இருந்தால், புறப்படும் முன்பும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதேனும் உண்ட பிறகே ஓட்ட வேண்டும். 70க்குக் கீழே இறங்கிவிட்டால் குளுக்கோஸ் உட்கொண்டு, சர்க்கரை சரியான அளவுக்கு வந்து 45 நிமிடங்கள் ஆகும்வரை ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது.

இரண்டு நாள் திட்டம்

காரில் செல்வது என்று முடிவு செய்தால், போகும் வழியையும் சுற்றுலாவின் ஒரு பகுதியாக்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் அதிகாலை சென்னையிலிருந்து கிளம்பி, சூலூர்பேட்டையில் ஒரு நிறுத்தம், நெல்லூரில் காலை உணவு, காவலியில் ஒரு நிறுத்தம் என்று சென்றால் மதிய உணவு வேளைக்கு ஒங்கோலை அடையலாம். ஏறத்தாழப் பாதி வழி அது. அங்கேயே தங்கி, மாலையில் சிறிது நடந்து, நேரத்துக்குத் தூங்குங்கள். மறுநாள் காலை புறப்பட்டு, அத்தங்கி, பிடுகுராள்ளா, மிரியாலகூடா, நார்கட்பல்லி என நிறுத்தி நிறுத்திச் சென்றாலும் பிற்பகலில் சேர்ந்துவிடலாம். அன்றே பூங்காவுக்குள் ஓடாமல், மூன்றாம் நாள் காலையில் செல்லுங்கள். நெல்லூர், ஒங்கோல், நல்கொண்டா ஆகிய மாவட்டத் தலைநகரங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருப்பது இவ்வழியின் ஒரு நன்மை.

குழந்தைகளுக்கு இது நீண்ட காத்திருப்பாகத் தோன்றலாம். “தாத்தாவுக்காக நிற்கிறோம்” என்று அவர்களிடம் கூறாதீர்கள். நிற்பது எல்லோருக்கும் தேவை. அதுவே உண்மையும் கூட. தம்மால்தான் தாமதம் என்று எண்ணும் நோயாளி, அடுத்த முறை வலியைச் சொல்லமாட்டார்.

மருந்துகள்

மருந்துப் பையைக் காரின் டிக்கியிலோ விமானத்தில் அனுப்பும் பெட்டியிலோ வைக்கக் கூடாது. கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலின் விரைவில் கெட்டுவிடும். அதைக் குளிர்காப்புப் பையில் வையுங்கள். ஆனால் பனிக்கட்டியோடு நேரடியாகத் தொடவிடாதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. சாப்பிடுமிடத்தில் இறங்கும்போது மருந்துப் பையும் உங்களுடன் இறங்கட்டும். குழந்தையையோ முதியவரையோ பூட்டிய காரில் சில நிமிடங்கள்கூட விட்டுச் செல்லாதீர்கள்.

இதயச் செயலிழப்புக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை உட்கொள்பவர்கள், வழியில் சங்கடம் வேண்டாம் என்று பயண நாளில் அதை நிறுத்திவிடுவது வழக்கம். இரண்டு நாள் நிறுத்தினாலே கால் வீங்கி, இரவில் மூச்சுத்திணறல் வரலாம். மாத்திரையை விடாமல், வேளையை மட்டும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடக் கூடாது.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் வெளியூரில் இடம் உறுதியான பின்பே பயணச்சீட்டோ தங்கும் அறையோ பதிவு செய்ய வேண்டும். கீமோதெரபி பெறுபவர்களுக்கு, பொதுவாக ஒவ்வொரு சுற்றுக்கும் பின் 7 முதல் 14 நாட்கள் வரையில் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அந்நாட்களில் கூட்டம் நிறைந்த பூங்காவும் விமானமும் வேண்டாம். காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், மாத்திரை போட்டுக் காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே செல்ல வேண்டும்.

பூங்காவுக்குள்

சேர்ந்த பிறகும் கவனம் தேவை. ஐதராபாத்தின் மே மாத வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும். இதயநோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரையிலான காலம் ஏற்றது. பூசை விடுமுறையோ அரையாண்டு விடுமுறையோ குழந்தைகளுக்கும் பொருந்தும். வேகமாகச் சுழன்றும் குலுங்கியும் ஓடும் ஊர்திகளில் இதயநோயாளிகள், கருவுற்றவர்கள், கழுத்து அல்லது முதுகெலும்பு நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள் ஆகியோர் ஏறக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். சிகிச்சைக்கான குழாய் உடலில் பொருத்தப்பட்டவர்கள் நீர் விளையாட்டுகளைத் தவிர்க்க வேண்டும்.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை

• நோய், சிகிச்சை, மருந்துகள், ஒவ்வாமை ஆகியவை குறித்து ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவச் சுருக்கம். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் உள்ள மருத்துவர் அதைப் படிக்க வேண்டுமல்லவா?

• பயண நாட்களைவிட நான்கைந்து நாட்கள் கூடுதலாக மருந்துகளும், மருந்துச் சீட்டும்.

• அண்மைய ஈசிஜியின் நகல். கைபேசியில் ஒரு படமும் இருக்கட்டும்.

• குளுக்கோமீட்டர், குளுக்கோஸ், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள், குடிநீர், பிஸ்கட்.

• அவசர எண்கள்: 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா மூன்றிலும் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வீங்குதல், வலி, வெம்மை, சிவப்பு ஆகியவை இரத்த உறைவின் அடையாளங்களாக இருக்கலாம். பயணம் முடிந்து சில வாரங்கள் ஆன பின்னும் இவை தோன்றக்கூடும். “நெடுநேரம் உட்கார்ந்த வலிதான், தைலம் தேய்த்தால் போய்விடும்” என்று விட்டுவிடாதீர்கள். வீங்கிய காலைப் பிடித்துவிடவும் வேண்டாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம், முகமோ கையோ ஒருபக்கம் செயலிழத்தல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் 108ஐ அழையுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி

புறப்படுவதற்கு முந்தைய நாள் வந்து “போகலாமா, கூடாதா?” என்று கேட்டால், மருத்துவர் பெரும்பாலும் “வேண்டாம்” என்றே கூறுவார், திட்டத்தை மாற்ற அப்போது நேரம் இராது. மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு முன்பே வாருங்கள். எத்தனை நாள், எந்த வழி, யார் ஓட்டுகிறார், எங்கே தங்குகிறீர்கள் என்று எழுதிக் கொண்டு வாருங்கள். “இந்தத் திட்டத்தில் எதை மாற்றினால் இவரையும் அழைத்துச் செல்லலாம்?” என்று கேளுங்கள். சிலருக்கு விமானம் என்று பதில் வரும்; சிலருக்கு இரண்டு நாள் கார்ப் பயணம் என்று வரும்; சிலருக்கு இன்னும் இரண்டு மாதம் பொறுங்கள் என்றும் வரும்.

நீண்ட சிகிச்சைக்குப் பிறகு குடும்பத்தோடு வெளியூர் செல்வது ஆடம்பரமன்று. மருத்துவமனையின் வாசனையை மறந்து, பேரப்பிள்ளைகளின் சிரிப்பை அருகிலிருந்து கேட்பது நோயாளிக்கு மனத்தெம்பைத் தரும். அதற்காக ஒரு நாள் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை. நிறுத்தி நிறுத்திச் செல்லுங்கள். எல்லோரும் நலமாகத் திரும்பி வாருங்கள்.